மூன்றாவது சிரிப்பு

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, குத்துகிறதே குடைகிறதே என்று அலறியவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் அவனையும் மிஞ்சியவன். ஓணானுக்குத் தீனி போட்டு வளர்த்து ஊர்மேல் அவிழ்த்து விட்டேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் சோறு இறங்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, கண்ணாடிக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும் டிவிடி கடை என்னுடையது. உள்ளே ஒரு ஆள் நின்றால் அடுத்த ஆள் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். சிரிப்புப் படம் வந்த அன்றே தீர்ந்துவிடும். அழுகைப் படம் அப்படியே கிடக்கும். அதைத் துடைத்துத் துடைத்து என் சட்டைக் கைதான் தேய்ந்தது. இரண்டுக்கும் ஒரே விலை. ஒருநாள் மத்தியானம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, கை சும்மா இருக்காமல், சம்பந்தப்பட்ட துறைக்கு ஒரு கடிதம் எழுதினேன். விற்கிற வகைக்கு ஒரு விலை, விற்காத வகைக்கு ஒரு விலை என்று வைத்தால் என்ன? இவ்வளவுதான் கேட்டேன். என் மனைவி வாங்கிப் படித்துவிட்டு, "எழுதினது சரி, அனுப்பாதீங்க" என்றாள். அனுப்பினேன்.

அந்தத் துறையில் ஒரு கட்டடம் இருந்தது, ஒரு கார் இருந்தது, நாற்பது நாற்காலி இருந்தது. வேலைதான் இல்லை. காய்ந்த மாடு கம்பில் பாய்ந்த மாதிரி என் கடிதத்தின் மேல் பாய்ந்தார்கள். நான்கே மாதத்தில் 'இல்லத் திரைவட்டு வகைவாரி விலை நிர்ணய வாரியம்' உண்டாகிவிட்டது. நான் டிவிடி என்று சொல்வதைத்தான் அவர்கள் இல்லத் திரைவட்டு என்றார்கள். அதில் ஐந்து உறுப்பினர்கள். தலைவர், அதுவரை எடைக்கல் சோதனைத் துறையில் இருந்தவர். அவருடைய கோப்பைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்த செயலர். கலைக்கு ஒரு உறுப்பினர், குடும்ப நலனுக்கு ஒரு அம்மாள். ஐந்தாவதாக, பொதுமக்கள் பிரதிநிதி என்று என்னை உட்கார வைத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சுழலும் நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள், யாரும் பார்க்காத சமயம் பார்த்து இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

தொடக்க விழாவில் தலைவர் பேசியதை நான் குறித்து வைத்திருக்கிறேன். "அரிசிக்கு எடை உண்டு, துணிக்கு அளவு உண்டு. கண்ணீருக்கு மட்டும் ஏன் இல்லை என்று இருபத்தாறு வருடமாக வேதனைப்பட்டவன் நான்" என்று ஆரம்பித்தார். சிரிப்பு, அழுகை, சண்டை, காதல், பயம், உண்மை நிகழ்வு என்று ஆறு வகை; ஆறு நிறத்தில் சீட்டு. சீட்டு ஒட்டாத வட்டை விற்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது, எந்த அலுவலகமும் வாங்கவும் கூடாது. சிரிப்புக்கு மஞ்சள் சீட்டு, விலையும் அதுதான் உச்சம். உண்மைக்கு வெள்ளைச் சீட்டு, விலை அடிமட்டம். அதற்கும் காரணம் சொன்னார். "உண்மைக்கு விலை கூட்டினால் யாரும் வாங்க மாட்டார்கள். குறைத்தாலும் வாங்க மாட்டார்கள். ஆகவே மக்கள் நலன் கருதிக் குறைத்திருக்கிறோம்." எல்லோரும் கை தட்டினோம். சிரிப்புச் சீட்டுக்குத்தான் வாரியத்துக்கு வருகிற கட்டணமும் அதிகம் என்பதை அவர் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வார்.

சிக்கல் இரண்டாவது வாரம் வந்தது. வகை பிரிக்க வேண்டிய வட்டுகள் மாடிப்படி வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் உறுப்பினர்கள் முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று விதி சொல்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்ததில், தலைவர் ஓய்வு பெற்று, செயலர் ஓய்வு பெற்று, அவர் மகனும் ஓய்வு பெற்ற பிறகு வேலை முடியும் என்று தெரிந்தது. செயலர் விதியை மூன்று நாள் உற்றுப் பார்த்தார். முழுமையாக என்றுதான் இருக்கிறது, எந்த வேகத்தில் என்று இல்லை. மறுநாளே சுற்றறிக்கை வந்துவிட்டது: இனி எல்லாப் படமும் எட்டு மடங்கு வேகத்தில் ஓடும்.

எட்டு மடங்கு வேகத்தில் ஒரு படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சத்தம் வராது. ஆட்கள் மட்டும் விலுக்விலுக்கென்று ஓடுவார்கள். நாங்கள் முதலில் பார்த்தது, மகனைப் பறிகொடுத்த தாயின் கதை. அந்த அம்மாள் மார்பில் அடித்துக்கொண்டது தையல் மெஷின் ஊசி மாதிரி இருந்தது. சவ ஊர்வலம் பஸ்ஸைப் பிடிக்கப் போகிற கூட்டம் மாதிரி ஓடியது. தலைவர் குபீரென்று சிரித்தார். செயலர் சிரித்தார். நானும் சிரித்தேன். பொய் சொல்வானேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். பக்கத்தில் ஒரு எழுத்தர் 'சிரிப்புப் பதிவேடு' என்று ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, யார் எந்த நிமிடத்தில் சிரித்தார் என்று எழுதிக்கொண்டார். ஐந்து பேரில் மூன்று பேர் சிரித்தால் அது சிரிப்புப் படம். மஞ்சள் சீட்டு. அடுத்தது.

கலை உறுப்பினர் படம் போட்டதும் தூங்கிவிடுவார். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் பார்த்துவிட்டாராம். குடும்ப நல அம்மாள், குடும்பத்துக்கு ஆகாதது ஏதாவது வந்துவிடுமோ என்று கண்ணைக் கெட்டியாக மூடிக்கொள்வார். ஆக, சிரிப்பதற்கு மூன்றே பேர். மூன்றாவது ஆள் நான்.

ஆறு மாதத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து படம் மஞ்சளானது. போர்ப் படம் மஞ்சள். பேய்ப் படம் மஞ்சள்; அதில் பேய் துரத்துவதற்குள் கதாநாயகன் மூன்று தெரு தாண்டிவிட்டான். தப்பித்ததில் ஒன்று நினைவிருக்கிறது. ஒரு கிழவர் ஒண்ணேகால் மணி நேரம் டீ குடிப்பார், அதுதான் படம். எட்டு மடங்கில் அவர் நம்மைப் போல மரியாதையாகக் குடித்து முடித்தார். அதைச் சண்டைப் படத்தில் சேர்த்தோம், அந்த வாரம் சிவப்புச் சீட்டு மிச்சம் இருந்ததால்.

தாய் படத்தை எடுத்த இயக்குநர் மேல்முறையீடு செய்ய வந்தார். தலைவர் அவரை உட்கார வைத்து, டீ வரவழைத்து, தன்மையாகவே பேசினார். "உங்கள் வருத்தம் புரிகிறது. மேல்முறையீட்டில் இன்னும் கூர்மையாகப் பார்ப்போம்" என்றார். கூர்மையாக என்றால் பதினாறு மடங்கு. இயக்குநர் அங்கேயே அழுதுவிட்டார். அழுகிறவரை எந்த வேகத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்களோ, தலைவருக்கும் செயலருக்கும் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன். ஆரம்பத்தில் எனக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது. அப்புறம் தலைவர் சிரித்தால் வந்தது. கடைசியில் தலைவர் மூச்சை இழுத்தாலே எனக்குப் பல் தெரிய ஆரம்பித்துவிட்டது. பெரியவர் சிரித்தால் சின்னவன் சிரிக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. விதியில் இல்லாததைத்தான் நான் ரொம்ப ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

இந்த நேரத்தில்தான் என் அக்கா ஒரு வட்டைக் கொண்டுவந்தாள்.

அக்கா வீட்டுக்காரர், எங்கள் அத்தான், அட்டைப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தவர். போன வருடம் ஆலையில் தீப்பிடித்துப் பதினோரு பேர் போனார்கள். அத்தானும் அதில் ஒருவர். வாசல் கதவு திறந்துதான் இருந்தது, பயத்தில் இவர்கள்தான் வழி தவறி உள்பக்கம் ஓடிவிட்டார்கள் என்று நிர்வாகம் சொன்னது. விசாரணைக் குழு உட்கார்ந்தது. கதவு வெளியே பூட்டியிருந்தது என்று அக்கா சொன்னாள். சொன்னால் போதுமா? ஆனால் அன்றைக்கு எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில் ஒரு பிறந்தநாள் விழா நடந்திருக்கிறது. அதைப் பிடிக்க வந்த வீடியோக்காரர், புகையைப் பார்த்ததும் கேமராவை ஆலைப் பக்கம் திருப்பியிருக்கிறார். சங்கிலியும் பூட்டும் அதில் தெளிவாக விழுந்திருந்தன. பதினோரு வீட்டுப் பெண்களும் சேர்ந்து, அதையும் தாங்கள் பேசியதையும் இணைத்து நாற்பது நிமிட வட்டு ஒன்று தயார் செய்திருந்தார்கள். வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தால்தான் விசாரணைக் குழு அதைச் சாட்சியாக வாங்கும். "நீ உள்ள இருக்கியேடா, எனக்கு அது போதும்" என்று சொல்லி வட்டை என் கையில் கொடுத்தாள் அக்கா. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

செயலரிடம் போய், இந்த ஒன்றை மட்டும் சாதாரண வேகத்தில் போட முடியுமா என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஒன்றை அப்படிப் பார்த்தால் முன்பு பார்த்த எல்லாவற்றையும் அப்படிப் பார்க்கச் சொல்வார்கள், அப்புறம் நாட்டில் மஞ்சள் சீட்டே மிஞ்சாது என்றார். அதோடு சொந்தக்காரர் விஷயம், உங்கள் பெயருக்குத்தான் கெடுதல் என்றும் சொன்னார். "சரி சார்" என்றேன். இரண்டு முறை சொன்னேன். ஒரு முறை போதும்.

அன்றைக்கு அது ஐந்தாவது வட்டு. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்கள். அப்புறம் மொட்டை மாடி, பலூன், கேக், சட்டென்று புகை. ஆலை வாசல் வந்தது. ஒரு குண்டுப் பெண்மணி கையில் சாப்பாட்டுத் தூக்கோடு கதவுக்கு ஓடினாள். பூட்டைப் பிடித்து ஆட்டினாள். திரும்பி வலது பக்கம் காவலாளி கூண்டுக்கு ஓடினாள். அங்கிருந்து இடது பக்கம் அலுவலகத்துக்கு ஓடினாள். மறுபடி கூண்டு. மறுபடி அலுவலகம். ஒரு செருப்பு கழன்றது, நின்று திரும்பிப் பார்த்து, அதை விட்டுவிட்டு ஓடினாள். தூக்கின் மூடி பறந்து போனது. அப்போதும் தூக்கை அவள் கீழே வைக்கவில்லை. தலைவர் தொடையில் தட்டிச் சிரித்தார். செயலருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மறுபடியும் வர்றா பாருங்க" என்றார்.

ஆள் யாரென்று தெரியாமல் நான் சிரித்திருந்தால் பாதிப் பாவம் கழிந்துவிடும். அப்படி இல்லை. கதவுக்கு அவள் முதல் தடவை ஓடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தூக்கு எங்கள் அம்மா வீட்டுத் தூக்கு. அக்கா என்று தெரிந்தது, உள்ளே அத்தான் இருக்கிறார் என்று தெரிந்தது, எல்லாம் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். நான் சிரித்தேன். எழுத்தர், வட்டுக் கணக்கில் இருபத்தேழாவது நிமிடம் என்று எழுதிக்கொண்டார்.

'மூன்று சிரிப்புகளின் அடிப்படையில் மேற்படி வட்டு சிரிப்பு வகையில் சேர்க்கப்படுகிறது' என்று உத்தரவு போனது.

இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் செயலரிடம் போய் என் சிரிப்பை வாபஸ் வாங்க முடியுமா என்று கேட்டேன். பதிவேட்டில் ஏறின சிரிப்பை இறக்க விதி இல்லை என்றார். ஆனால் மனிதர் கெட்டவர் இல்லை. அலமாரியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். "அது சிரிப்பில்ல, இருமல்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. ரெண்டு சிரிப்புன்னா அது சிரிப்புப் படம் ஆகாது. ஆனா ஒண்ணு, இருமல் இருக்கிறவர் உறுப்பினரா இருக்க முடியாது. விதி பதினொண்ணு."

படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். டாக்டர் வீடு கடைக்கு நாலு வீடு தள்ளி. முதல் நாள் அவருக்குக் கூட்டம் அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள் மழை வரும்போல் இருந்தது. நாற்காலி ஞாபகம் வந்தது. ஊருக்கெல்லாம் சீட்டு ஒட்டித் தருகிற வேலையை வாரியம் என் கடைக்குத்தான் கொடுத்திருந்தது, அந்த ஞாபகமும் வந்தது. நாலாம் நாள் என் மனைவி சட்டையைத் துவைத்துவிட்டாள். படிவம் பையிலேயே கூழாகிப் போயிருந்தது. பையைப் பார்க்காமல் துவைப்பாயா என்று அவளை ஒரு பிடி பிடித்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனசுக்குள் எனக்கு எவ்வளவு நிம்மதி என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அக்கா கடைக்கு வந்தாள். கையில் மஞ்சள் சீட்டு ஒட்டிய வட்டு. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"யாரோ மூணு பேரு சிரிச்சாங்களாம். எந்த இடத்துலன்னு எழுதலை. நீதான் அங்க இருந்தியே, கொஞ்சம் காட்டு. அந்த இடத்தை மட்டும் வெட்டிட்டுத் திரும்பக் குடுத்துடலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

கடை டிவியில் வட்டைப் போட்டேன். எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு படத்தைச் சாதாரண வேகத்தில், சத்தத்தோடு பார்க்கிறேன். பெண்கள் பேசினார்கள். ஒருத்தி பேச்சை நிறுத்தித் தண்ணீர் கேட்டாள், அதைக்கூட வெட்டாமல் வைத்திருந்தார்கள். பிறகு மொட்டை மாடி, புகை, வாசல். அக்கா ஓடி வந்தாள். சத்தத்தோடு பார்த்தபோதுதான் அவள் எதற்கு அப்படி மாறி மாறி ஓடினாள் என்பது தெரிந்தது. சாவி கேட்டு ஓடியிருக்கிறாள். காவலாளி சாவி அலுவலகத்தில் இருக்கிறது என்கிறான். அலுவலகத்தில் இருந்தவர், காவலாளி கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் சாவி தர முடியாது என்கிறார். கூண்டுக்கு வந்தால், சீட்டுப் புத்தகம் அலுவலகத்தில் என்கிறான். "அய்யா, உள்ள ஆள் இருக்காங்கய்யா" என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். குரல் போகப் போகக் கம்மிக்கொண்டே வந்தது. எட்டு மடங்கில் அரை நிமிடம்கூட வராதது, இப்போது முடியாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

"இங்கதான்" என்றேன்.

அக்கா படத்தை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். ஒரு கால் தூக்கி, வாய் திறந்து, கையில் மூடியில்லாத தூக்கோடு திரையில் அவள் அப்படியே நின்றாள். அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியாள் யாரையோ பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள்.

"இதை வெட்டினா பூட்டு தெரியாதேடா."

"வெட்டலைன்னா வெள்ளைச் சீட்டு கிடைக்காதுக்கா."

அவள் தலையை ஆட்டினாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள்:

"நான் இன்னும் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கணுமோ?"

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அந்த மூன்றாவது ஆள் நான்தான் என்று சொல்லிவிட்டேன். டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், அவள் முகத்தைப் பார்த்து இல்லை. கண்ணாடிக் கடைக்காரர் ஷட்டரை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நான்னு தெரியாமத்தானே சிரிச்ச?"

அந்தக் கேள்வியில் அவள் ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். நான் நுழைந்துகொண்டேன்.

"தெரியலைக்கா. வேகமா ஓடுச்சில்ல, ஆள் தெரியலை."

"அதானே பார்த்தேன்" என்று சொல்லி என் முதுகில் தட்டிக் கொடுத்தாள். எழுந்து, வட்டை வாங்கிக்கொண்டு, நேரே வீடியோக்காரரைப் பார்க்கப் போனாள்.

வெட்டியது போக மிச்சம் முப்பத்து நாலு நிமிடம் மறுபடி வாரியத்துக்கு வந்தது. பெண்கள் உட்கார்ந்து வாயசைத்தார்கள், எழுந்து போனார்கள். யாரும் சிரிக்கவில்லை. தலைவர் கொட்டாவி விட்டு, இதுதான் உண்மை நிகழ்வு, பார்த்தாலே தெரிகிறது என்றார். வெள்ளைச் சீட்டை என் கையால் நானே ஒட்டினேன். விசாரணைக் குழு வட்டை முறைப்படி வாங்கிக்கொண்டு, முறைப்படி பார்த்து, அறிக்கை கொடுத்தது: பூட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் வட்டில் எந்த இடத்திலும் பூட்டு காணப்படவில்லை.

விஷயம் எப்படியோ சொந்தக்காரர்களுக்குத் தெரிந்து, ஆளுக்கு ஆள் என்னைப் பேசத்தான் செய்தார்கள். சித்தப்பா என்னை அக்கா வீட்டு வாசலிலேயே நிறுத்தி, நீயெல்லாம் கூடப்பிறந்தவனா என்று கேட்டார். அக்கா உள்ளேயிருந்து வந்து அவரைத் தடுத்தாள்.

"அவனை ஒண்ணும் சொல்லாதீங்க சித்தப்பா. பாவம், அவனுக்கு நான்னு தெரியாது."